சருமத்தைப் புதுப்பிக்கும் ஊசிகள்: போட்டுக்கொள்ளும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

பெரிதாகச் சுருக்கம் என்று ஒன்றும் இல்லை, ஆனால் தோல் மெலிந்து, வறண்டு, களையில்லாமல் இருக்கிறது. இந்தக் குறையோடு கிளினிக்குக்குப் போகிறவர்கள் முன் இப்போது ஒரு நீண்ட பட்டியலை வைக்கிறார்கள்: ஸ்கின் பூஸ்டர், சால்மன் ஊசி, கொலாஜன் தூண்டும் ஊசி, பிஆர்பி, எக்சோசோம். உள்ளே போகும் மருந்து ஒவ்வொன்றிலும் வேறு. கொடுக்கப்படும் வாக்குறுதி மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அடிக்கடி எழும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, தெரிந்தவரை நேராகவே பதில் சொல்லியிருக்கிறேன். இது பொதுவான தகவல்தான். உங்கள் தோலைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியதை ஒரு தோல் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

இந்த ஊசிகள் உண்மையில் என்ன செய்கின்றன?

தோலின் மேல்பரப்புக்குக் கீழே டெர்மிஸ் என்ற அடுக்கு இருக்கிறது. தோலுக்கு உறுதியும் துள்ளலும் தருவது அதுதான். அங்கே ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள், தோலைத் தாங்கும் புரத இழைகளான கொலாஜனையும் எலாஸ்டினையும், நீரைப் பிடித்து வைக்கும் ஹயலுரோனிக் அமிலத்தையும் தயாரித்துக்கொண்டே இருக்கின்றன. வயது ஏற ஏற அந்த வேலை மந்தமாகிறது. இந்த ஊசிகளின் நோக்கம் அந்தச் செல்களை மறுபடி வேலை செய்ய வைப்பது. வெளியிலிருந்து எதையோ கொண்டுவந்து குழியை நிரப்புவது இவற்றின் முதல் வேலை அல்ல.

அதனால்தான் பலன் மெதுவாக வருகிறது. செல் புதிய கொலாஜனை உருவாக்கி, அது முதிர்ந்து, தோலில் தெரியும் அளவுக்கு வர வாரங்கள் ஆகும், சிலவற்றில் மாதங்களே ஆகும். "இன்று ஊசி, நாளை பளபளப்பு" என்று யாராவது சொன்னால், அவர் சொல்வது பெரும்பாலும் ஊசியால் வந்த லேசான வீக்கத்தைத்தான்.

போடாக்ஸும் ஃபில்லரும் இதே வகைதானா?

இல்லை. போடாக்ஸ் தசையைத் தளர்த்துகிறது. சிரிக்கும்போதும் புருவம் நெரிக்கும்போதும் விழும் கோடுகளுக்கு அது சரி. ஃபில்லர் கன்னம், உதடு போன்ற இடங்களில் கனத்தையும் வடிவத்தையும் கூட்டுகிறது. இங்கே நாம் பேசுவது தோலின் தரம் பற்றி. ஈரப்பதம், மென்மை, மெல்லிய கோடுகள், தளர்வு, தடிமன் ஆகியவை அதில் அடங்கும். முக வடிவம் மாறாது, மாறவும் கூடாது.

ஆனால் ஃபில்லருக்கும் இந்த ஊசிகளுக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு தெளிவாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2007-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெயிலால் பாதிக்கப்பட்ட முன்கைத் தோலில் சாதாரண ஹயலுரோனிக் அமில ஃபில்லரைச் செலுத்திப் பார்த்தார்கள். அந்த இடத்தில் புதிய கொலாஜன் உருவாகியிருந்தது. ஜெல் உள்ளே இடம்பிடித்ததும் சுற்றியிருந்த ஃபைப்ரோபிளாஸ்ட்கள் இழுபட்டு நீண்டன, நீண்டதும் உற்பத்தியைத் தொடங்கின என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆக, நிரப்பும் பொருளும் கொஞ்சம் தூண்டுகிறது, தூண்டும் பொருள்களில் சில கொஞ்சம் நிரப்பவும் செய்கின்றன.

தோல் ஏன் தளர்கிறது? வயது மட்டும்தான் காரணமா?

வயது ஒரு காரணம். தோலின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு கொலாஜன். வயது வந்த பிறகு அது ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் குறைகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் முதல் 5 ஆண்டுகளில் வீழ்ச்சி இன்னும் வேகமாக இருக்கிறது. அந்தச் சில ஆண்டுகளிலேயே தோலின் கொலாஜனில் 30 சதவீதம் வரை போகக்கூடும். "ஒரே வருடத்தில் முகம் மாறிப்போச்சு" என்று அந்த வயதில் பலரும் சொல்வது பிரமை அல்ல.

ஆனால் வெயில் செய்யும் சேதம் பெரியது. புற ஊதாக் கதிர் பட்டதும் கொலாஜனை வெட்டும் என்சைம்கள் தோலில் கூடுகின்றன. இழைகள் துண்டு துண்டாகின்றன. ஃபைப்ரோபிளாஸ்ட் செல் நன்றாக வேலை செய்ய அதைச் சுற்றி விறைப்பான இழைகள் இருக்க வேண்டும். அந்த இழைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் அது தன் வடிவத்தில் நிற்கிறது. இழைகள் அறுந்தால், கயிறு தளர்ந்த கட்டிலில் விழுந்தவர் மாதிரி, செல் சுருண்டுவிடுகிறது. சுருண்ட செல் கொலாஜனைக் குறைவாக உருவாக்குகிறது, அதை வெட்டும் என்சைமை அதிகமாகச் சுரக்கிறது. அதனால் இன்னும் தளர்வு. இந்த வட்டத்தை உடைக்கத்தான் ஊசி. புகைபிடித்தலும் இதே வட்டத்தை வேகமாகச் சுழற்றுகிறது.

ஹயலுரோனிக் அமில ஸ்கின் பூஸ்டர் என்றால்?

ஹயலுரோனிக் அமிலம் நம் உடலிலேயே இருப்பது. 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டின் கண்ணிலிருந்து அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். நீரைப் பிடித்து வைப்பது அதன் குணம். உடலில் உள்ள மொத்த அளவில் ஏறத்தாழ பாதி தோலில்தான் இருக்கிறது. ஆனால் இயற்கையான வடிவில் அது தோலில் ஓரிரு நாள்தான் தாங்கும், உடல் அதை உடைத்துவிட்டுப் புதிதாகச் செய்துகொள்ளும்.

ஃபில்லரில் இதே அமிலத்தின் மூலக்கூறுகளை இறுக்கமாகப் பின்னிக் கெட்டியாக்கி வைக்கிறார்கள். பூஸ்டரில் பின்னல் மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. அதனால் அது ஓர் இடத்தில் குவியாமல் தோலுக்குள் பரவுகிறது. புரோஃபைலோ என்ற பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2 மி.லி. சிரிஞ்சில் 64 மி.கி. ஹயலுரோனிக் அமிலம், பாதி பெரிய மூலக்கூறு, பாதி சிறியது. வேதிப் பின்னலுக்குப் பதில் வெப்பத்தால் இரண்டையும் இணைக்கிறார்கள். முகத்தின் ஒவ்வொரு பக்கமும் 5 புள்ளிகளில் ஊசி, ஒரு மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை. ஸ்கின்வைவ் என்ற இன்னொன்றுக்கு 2023-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, கன்னத் தோலின் மென்மைக்காக அனுமதி கொடுத்தது. அதன் பலன் சுமார் 6 மாதம்.

வறண்டு மெலிந்த தோலுக்கு முதல் முயற்சியாக எதையாவது எடுப்பதென்றால் நான் இந்த வகையைத்தான் முதலில் வைப்பேன். காரணம் பலனின் அளவு அல்ல. அந்தக் காரணத்தைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

சால்மன் ஊசி என்கிறார்களே, மீனையா ஊசியில் ஏற்றுகிறார்கள்?

மீனின் விந்தணுவிலிருந்து எடுத்த டிஎன்ஏ துண்டுகள். பாலிநியூக்ளியோடைடு என்பது அதன் பெயர். அதில் சிறிய துண்டுகளைக் கொண்ட வகையைப் பிடிஆர்என் என்கிறார்கள். சால்மன் அல்லது டிரவுட் மீனிலிருந்து எடுத்து, புரதங்களை நீக்கிச் சுத்திகரித்துத் தயாரிக்கிறார்கள். தென்கொரியாவின் ரெஜுரான் இதில் பிரபலம். மீனின் டிஎன்ஏ உங்கள் டிஎன்ஏவோடு கலந்துவிடாது. உடல் அதை உடைத்துப் பயன்படுத்திக்கொள்ளும். செல்களில் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஓர் அமைப்பை (அடினோசின் ஏற்பி) தூண்டி, அழற்சியைக் குறைத்து, காயம் ஆறுவதற்கான வேலைகளை இது முடுக்கிவிடுகிறது. காயம் ஆற்றும் மருந்தாகப் பயன்பட்ட பிறகுதான் இது அழகுக் கிளினிக்குகளுக்கு வந்தது.

கண்ணுக்குக் கீழே உள்ள மெல்லிய தோலுக்கு இதைப் பலர் விரும்புகிறார்கள். அங்கே ஃபில்லர் போட்டால் சில நேரம் உப்பிக்கொள்ளும், நீலம் பாரிக்கும். இதில் அந்தத் தொல்லை குறைவு. வழக்கமாக 3 அல்லது 4 தடவை, 2 முதல் 4 வார இடைவெளியில். மீன் ஒவ்வாமை இருந்தால் ஊசி போடும் முன்பே சொல்லிவிடுங்கள். ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன, ஆனால் பெரும்பாலானவை சிறியவை. விளம்பரத்தின் சத்தம் ஆதாரத்தை விடக் கொஞ்சம் உரக்கத்தான் கேட்கிறது.

கொலாஜன் தூண்டும் ஊசியில் கொலாஜன் இருக்கிறதா?

இல்லை. இரண்டு பொருள்கள் முக்கியம்.

ஒன்று, பாலி-எல்-லாக்டிக் அமிலம். ஸ்கல்ப்ட்ரா என்று விற்கிறார்கள். தானாகக் கரையும் தையல் நூல்கள் செய்யப்படும் அதே குடும்பப் பொருள். 2004-இல் எச்ஐவி சிகிச்சையில் இருந்தவர்களின் கன்னக் கொழுப்புக் கரைந்து முகம் ஒட்டிப்போன நிலைக்காக எஃப்டிஏ இதை முதலில் அனுமதித்தது. அழகுக்கான அனுமதி 2009-இல் வந்தது. தூளைக் கிருமிநீக்கிய நீரில் கலந்து செலுத்துகிறார்கள். போட்ட அன்று முகம் நன்றாக உப்பித் தெரியும், சில நாளில் அந்த நீர் வடிந்து பழைய முகம் திரும்பிவிடும். "காசு போச்சே" என்று தோன்றும் கட்டம் இது. உள்ளே இருக்கும் நுண்துகள்களை உடல் வேற்றுப்பொருளாகப் பார்த்து அவற்றைச் சுற்றிக் கொலாஜன் கட்டத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். துகள்கள் மாதக்கணக்கில் கரைந்து கடைசியில் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் போய்விடும். பலன் 2 ஆண்டு வரை, சிலருக்கு அதற்கு மேலும் நிற்கும்.

போட்ட பிறகு 5 நாள், தினம் 5 தடவை, ஒவ்வொரு தடவையும் 5 நிமிடம் மசாஜ் செய்யச் சொல்வார்கள். துகள்கள் ஓரிடத்தில் குவிந்து கட்டியாகாமல் இருக்க இது. சோம்பல் பட வேண்டாம். இதைப் போலவே, நன்கு நீர்த்த கலவையாகச் சரியான ஆழத்தில் போடுவதும் கட்டியைத் தவிர்க்க உதவுகிறது, அது மருத்துவர் கையில் இருக்கிறது.

இன்னொன்று, கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட். எலும்பிலும் பல்லிலும் உள்ள அதே தாது. ரேடியஸ் என்ற பெயரில் 2006-இல் எஃப்டிஏ அனுமதி பெற்றது. கெட்டியாகப் போட்டால் ஃபில்லர். பல மடங்கு நீர்த்துப் போட்டால் கனம் கூடாது, தோல் மட்டும் இறுகும். கழுத்து, மார்பின் மேல்பகுதி, கை ஆகிய இடங்களுக்கு இப்படி நீர்த்துப் பயன்படுத்துகிறார்கள். ஸ்கேன் படங்களில் இது தெரியும் என்பதால், பின்னாளில் முகத்தில் ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் சொல்லிவிடுவது நல்லது.

பிஆர்பி நம் ரத்தம்தானே, அதில் என்ன ஆபத்து?

உங்களிடமிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் என்ற நுண்துணுக்குகள் செறிந்த பகுதியை மட்டும் பிரித்து முகத்தில் செலுத்துகிறார்கள். பிளேட்லெட்டுகள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள்தான் இங்கே தூண்டுகோல். சொந்த ரத்தம் என்பதால் ஒவ்வாமை பயம் மிகக் குறைவு. அது உண்மை.

குறை என்னவென்றால், ஒரே அளவுகோல் இல்லை. எந்தக் கருவி, எவ்வளவு வேகம், எத்தனை நிமிடம் என்பதைப் பொறுத்துப் பிளேட்லெட் செறிவு மாறும். உங்கள் ரத்தமும் ஒரு காரணம். இரண்டு கிளினிக்குகளில் பிஆர்பி என்ற ஒரே பெயரில் நடப்பது இரண்டு வேறு சிகிச்சைகளாக இருக்கலாம்.

ஆபத்து ரத்தத்தில் இல்லை, அதைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாமல் நடந்த ஓர் அழகு நிலையத்தில் பிஆர்பி போட்டுக்கொண்ட பெண்களுக்கு எச்ஐவி தொற்றியது. 2018-இல் விசாரணை தொடங்கி அந்த இடம் மூடப்பட்டது. ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய பொருள்களை அங்கே மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள், பெயர் எழுதாத ரத்தக் குழாய்கள் கிடந்தன. அழகு ஊசி வழியாக எச்ஐவி பரவியதாக ஆவணமான முதல் சம்பவம் என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2024-இல் அறிக்கை வெளியிட்டது. உங்கள் ரத்தம் எடுத்த குழாயில் உங்கள் பெயரை உங்கள் எதிரிலேயே எழுதச் சொல்லுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

எக்சோசோம்?

செல்கள் வெளியிடும் நுண்ணிய பைகள். செல்லுக்குச் செல் செய்தி கடத்துபவை. ஆராய்ச்சியில் சுவாரசியமான விஷயம்தான். ஆனால் எஃப்டிஏ எந்த எக்சோசோம் தயாரிப்பையும் ஊசியாகச் செலுத்த அனுமதித்ததில்லை. 2019 டிசம்பரில், அனுமதியற்ற எக்சோசோம் போட்டுக்கொண்டவர்களுக்கு ஏற்பட்ட கடுமையான பாதிப்புகளை அடுத்து எச்சரிக்கையும் விட்டது. மேலே தடவ என்று விற்கப்படும் குப்பியை ஊசியில் ஏற்றுகிற இடங்களும் இருக்கின்றன. என்னைக் கேட்டால், இதை இப்போதைக்கு ஊசியாகப் போட்டுக்கொள்ளவே வேண்டாம்.

போட்ட பிறகு பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிட முடியுமா?

எல்லோரும் விலையையும் பலன் எத்தனை மாதம் நிற்கும் என்பதையும் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

ஹயலுரோனிக் அமிலத்துக்கு மாற்று மருந்து உண்டு. ஹயலுரோனிடேஸ் என்ற என்சைமைச் செலுத்தினால் அது கரைந்துவிடும். மேலே பூஸ்டரை முதலில் வைப்பேன் என்று சொன்னது இதற்காகத்தான். ஏதாவது தவறாகப் போனால் பின்வாங்க வழி இருக்கிறது.

பாலி-எல்-லாக்டிக் அமிலத்துக்கோ கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட்டுக்கோ அப்படி நேரடி மாற்று மருந்து இல்லை. கட்டி வந்தால் மசாஜ், ஸ்டீராய்டு ஊசி, செல் பெருகுவதைத் தடுக்கும் 5-ஃப்ளூரோயுராசில் மருந்து என்று படிப்படியாகப் பார்ப்பார்கள், பெரும்பாலும் சரியாகும், ஆனால் மாதங்கள் ஆகலாம். இதனால் அவை மோசம் என்று அர்த்தமில்லை. தளர்வு அதிகமுள்ள முகத்துக்கு அவை தரும் பலனைப் பூஸ்டர் தராது. நீண்ட நாள் நிற்கும் என்பதே அவற்றின் வரம், பிழை நேர்ந்தால் அதுவே சாபம். இந்த வகையை அனுபவமுள்ள கையிடம் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

நிறம் வெளுக்குமா?

வெளுக்காது. ஈரப்பதம் கூடினால் ஒளி தோலில் சீராகப் பட்டுப் பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான். மெலனின் குறைவதில்லை.

"வெள்ளை ஊசி" என்று போடப்படும் குளூட்டாதயோன் முற்றிலும் வேறு விஷயம். அதை இந்தப் பட்டியலோடு சேர்த்து விற்பதால் சொல்கிறேன். நரம்பு வழியாக அதிக அளவில் ஏற்றப்படும் அந்த மருந்து தோல் நிறத்துக்காக எஃப்டிஏவால் அனுமதிக்கப்பட்டதல்ல. கடுமையான தோல் எதிர்வினை, சிறுநீரகம், தைராய்டு பாதிப்புகள் பற்றிப் பிலிப்பைன்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. மாநிறமும் கருநிறமும் நோயல்ல, ஊசி போட்டுக் குணமாக்க.

மங்கு, கருவளையம், பருத் தழும்பு எல்லாம் போகுமா?

மங்குக்கு இது முதல் சிகிச்சை அல்ல. சன்ஸ்க்ரீனும் மருத்துவர் எழுதித் தரும் கிரீம்களும்தான் முதலில். கருவளையத்தில் மூன்று வகைக் காரணம் உண்டு: நிறமி, மெல்லிய தோல் வழியே தெரியும் ரத்தக்குழாய், கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளத்தின் நிழல். தோல் மெலிந்ததால் வந்த கருமைக்கு பாலிநியூக்ளியோடைடோ பிஆர்பியோ ஓரளவு உதவலாம். நிறமியால் வந்ததற்கு உதவாது.

பருத் தழும்பில், அகலமான மேலோட்டமான பள்ளங்கள் கொஞ்சம் மேலெழும். நுண்ணிய ஊசிகளால் தோலில் துளையிடும் மைக்ரோநீட்லிங்கோடு பிஆர்பி சேர்க்கும்போது தனி மைக்ரோநீட்லிங்கை விடப் பலன் கூடுகிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. குத்தியது போல ஆழமாக இறங்கும் குறுகிய துளைகளுக்கு வேறு வழிதான்.

வலிக்குமா? அன்று வேலைக்குப் போகலாமா?

மரத்துப்போகும் கிரீம் தடவி அரை மணி நேரம் வைப்பார்கள். பூஸ்டர் தாங்கும் வலிதான், பாலிநியூக்ளியோடைடு கொஞ்சம் எரியும், கண்ணைச் சுற்றிப் போட்டால் இன்னும் கொஞ்சம். போட்ட இடங்களில் கொசுக்கடி போல் மேடுகள் நிற்கும். புரோஃபைலோவில் ஒரு நாளில் அடங்கிவிடும், பாலிநியூக்ளியோடைடில் 2, 3 நாள் இருக்கலாம். ரத்தக்கட்டு யாருக்கும் வரலாம், ஒரு வாரம், பத்து நாளில் மறையும். முக்கியமான நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் போட்டுக்கொள்ளாதீர்கள். 2, 3 மாதம் முன்பே தொடங்கினால்தான் பலனும் தெரியும்.

முதல் நாள் மேக்கப் வேண்டாம். ஓரிரு நாள் கடும் உடற்பயிற்சி, நீராவிக் குளியல், மது வேண்டாம். ஆஸ்பிரின் அல்லது ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுப்பவர்கள் ஊசிக்காகத் தாங்களாக அதை நிறுத்தக் கூடாது. எழுதித் தந்த மருத்துவரைக் கேட்டுத்தான் எதுவும்.

எந்த அறிகுறி வந்தால் உடனே ஓட வேண்டும்?

ஊசி தவறுதலாக ரத்தக்குழாயில் இறங்கினாலோ குழாயை அழுத்தினாலோ அந்தப் பகுதிக்கு ரத்தம் போகாது. மேலோட்டமாகப் போடும் பூஸ்டரில் இது அரிது, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. துகள் உள்ள ஊசிகளில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். மூக்கும் இரு புருவங்களுக்கு இடைப்பட்ட பகுதியும் மிக ஆபத்தான இடங்கள், அங்குள்ள குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு இணைந்தவை.

தோல் திடீரென வெளிறிப்போதல், வலை விரித்தது போல ஊதா நிறத் திட்டு, சாதாரண ஊசிவலியை மீறிய கடும் வலி, பார்வை மங்குதல். இதில் எது வந்தாலும் காலை வரை பொறுக்க வேண்டாம். பார்வையில் மாற்றம் என்றால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. சில நாள் கழித்துச் சிவந்து, சூடாகி, வலியோடு வீங்கினால் தொற்றாக இருக்கலாம், அதையும் தள்ளிப்போட வேண்டாம்.

யார் போட்டுக்கொள்ளக் கூடாது?

கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் காத்திருக்கட்டும். போடும் இடத்தில் தொற்றோ, வீங்கிய பருவோ, உதட்டு ஹெர்பிஸ் கொப்புளமோ இருந்தால் ஆறிய பிறகுதான். ஹெர்பிஸ் அடிக்கடி வருபவர்களுக்கு முன்கூட்டியே மாத்திரை தருவதுண்டு. தன்னுடல் தாக்கு நோய், ரத்தம் உறையாக் கோளாறு, சார்காய்டோசிஸ் (உறுப்புகளில் சிறு அழற்சிக் கட்டிகள் தோன்றும் நோய்) உள்ளவர்கள் தங்கள் நிபுணரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. கீலாய்டு, அதாவது தழும்பு தடித்து வளரும் உடல்வாகு, இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். முன்பு எப்போதாவது முகத்தில் சிலிக்கோன் போன்ற நிரந்தரப் பொருள் போட்டிருந்தால் அதை மறைக்கவே கூடாது.

கருநிறத் தோலில் ஊசி குத்திய இடமோ ரத்தக்கட்டோ கருமையாகத் தங்கிவிட வாய்ப்பு அதிகம். குத்தும் எண்ணிக்கையைக் குறைக்க கேனுலா, அதாவது முனை மழுங்கிய மெல்லிய குழாய், பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். பிறகு சில வாரம் வெயிலைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்.

ஊசியே வேண்டாம், வேறு வழி இல்லையா?

இருக்கிறது, அதுதான் முதல் வழியும். ஆஸ்திரேலியாவின் நாம்பூர் ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டு கவனித்தார்கள். தினமும் சன்ஸ்க்ரீன் தடவச் சொல்லப்பட்டவர்களின் தோல் முதுமை, விருப்பப்பட்டபோது தடவியவர்களை விட 24 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2013-இல் வெளியானது. எந்த ஊசிக்கும் இவ்வளவு பெரிய, நீண்ட பரிசோதனை இருப்பதாக நான் பார்த்ததில்லை. அதோடு இரவில் வைட்டமின் ஏ வகைக் கிரீம்களான ட்ரெட்டினாயின் அல்லது ரெட்டினால், கர்ப்ப காலத்தில் மட்டும் கூடாது. சன்ஸ்க்ரீன் தடவாமல் ஊசிக்குச் செலவு செய்பவர்கள், ஒரு பக்கம் கட்டக்கட்ட மறுபக்கம் இடிய விடுகிறார்கள்.

இந்த இரண்டையும் 6 மாதம் ஒழுங்காகச் செய்துவிட்டு, பிறகும் குறை தெரிந்தால் ஊசியை யோசிக்கலாம். எந்த வயதில் என்று கேட்டால் எண் சொல்ல மாட்டேன். 20-களில் உள்ளவருக்கு "முன்னெச்சரிக்கை" என்று இதை விற்பது எனக்கு உடன்பாடில்லை.

இணையத்தில் வாங்கி வீட்டிலேயே போடலாமா? ஊசியில்லாத பேனா கூட இருக்கிறதே?

வேண்டாம். அந்த ஹயலுரோன் பேனா அழுத்தத்தால் திரவத்தைத் தோலுக்குள் பாய்ச்சுகிறது. எவ்வளவு ஆழம் போகும் என்பது யார் கட்டுப்பாட்டிலும் இல்லை. 2021-இல் எஃப்டிஏ இதற்கு எதிராக எச்சரித்தது. உதட்டிலும் தோலிலும் கண்ணிலும் நிரந்தரப் பாதிப்பு ஏற்படலாம் என்றது.

சரி, எப்படி ஒரு மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது?

பட்டம், பதிவு எண் இரண்டையும் பாருங்கள். அப்புறம் பேச்சைக் கவனியுங்கள். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே ஊசியை எழுதுகிறாரா, உங்கள் தோலைப் பார்த்து "உங்களுக்கு இது இப்போது தேவையில்லை" என்று சொல்லக்கூடியவரா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஹயலுரோனிடேஸ் கையிருப்பில் இருக்கிறதா, சிக்கல் வந்தால் இரவில் யாரை அழைப்பது என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிற இடத்தை விட்டு வெளியே வந்துவிடலாம்.

பெட்டியை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லுங்கள். பெயர், காலாவதித் தேதி, தொகுதி எண் மூன்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போலிகள் உலவுகின்றன என்பது ஒரு காரணம். இன்னொன்று, 2 ஆண்டு கழித்து வேறு மருத்துவரிடம் போகும்போது "ஏதோ கொலாஜன் ஊசி போட்டாங்க" என்று சொன்னால் அவரால் பாதுகாப்பாக எதுவும் செய்ய முடியாது.

நிறுத்திவிட்டால் தோல் முன்பை விட மோசமாகுமா?

ஆகாது. உருவான கொலாஜன் உங்களுடையது, வயதோடு அது மெல்லக் குறையும், ஹயலுரோனிக் அமிலம் கரைந்து போகும், அவ்வளவே. சில மாதம் நன்றாக இருந்த முகத்துக்குக் கண் பழகிவிடுவதால் பழைய நிலை திரும்பும்போது மோசமாகத் தோன்றும். தொடங்கும் முன் ஒரே வெளிச்சத்தில், ஒரே இடத்தில், மேக்கப் இல்லாமல் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். 3 மாதம் கழித்து அதே இடத்தில் இன்னொன்று. அடுத்த தடவைக்குப் பணம் கட்டுவதா வேண்டாமா என்பதை அந்த இரண்டு படங்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.